சட்டை போடாத மூன்று தட்டுகள்

1

இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் சனிக்கிழமை காலையில் நாயை அழைத்துக்கொண்டு நடக்கப் போவார்கள். நான் இரும்பைப் பார்க்கப் போவேன். நார்வேயின் மேற்குக் கரையில், மழை நின்றுவிட்டால் ஜனங்கள் வானத்தைச் சந்தேகமாகப் பார்க்கும் ஒரு சின்ன ஊர் இது. படகுத்துறை ஓரத்தில் ஒரு மரச்சட்டம். அதில் பன்னிரண்டு எஃகுத் தட்டுகள், ஒவ்வொன்றும் பள்ளிக்கூட நோட்டு அளவு, தெற்கு வானத்தைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கின்றன. வெயிலும் மழையும் கடல் உப்பும் அவற்றை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் எனக்குச் சோறு போடுவது துரு.

பன்னிரண்டில் மூன்றுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பூச்சு. ஆறுக்கு என்னுடைய பூச்சு. இந்தக் கடலுக்கடியில் காடு மாதிரி வளரும் பழுப்புப் பாசியிலிருந்து பிரித்தெடுத்த சாறு கலந்தது அது. அந்தச் சாறு இரும்பின் மேல் தோல் போலப் படிந்து துருவைத் தள்ளிப்போடும் என்பது என் கட்சி. மிச்சமிருக்கும் மூன்றுக்கு ஒன்றுமே இல்லை, வெறும் இரும்பு. அவை எவ்வளவு கெட்டுப்போகின்றன என்று தெரிந்தால்தான் மற்றவை எவ்வளவு தப்பித்தன என்று கணக்குச் சொல்ல முடியும். அந்த மூன்றும் இல்லையென்றால் மற்ற ஒன்பதும் வாயைத் திறக்காது.

இதே மாதிரி இன்னொரு சட்டம், இதே மாதிரி பன்னிரண்டு தட்டுகள், பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்தன. பத்து வருடத்துக்கு முன்னால் விடுமுறைக்கு வந்தபோது நானே வைத்தேன். கடலோரத்தில் ஒன்று, கடலே இல்லாத ஊரில் ஒன்று. பத்து வருடம் முடிந்ததும் இரண்டையும் எடுத்து, எடை போட்டு, ஒப்பிட வேண்டும். அதோடு எனக்கும் ஓய்வு பெறும் வயது வந்துவிடும். ஊரை விட்டு இத்தனை வருடம் கிடந்தவன் கையில் காட்டுவதற்கு ஒன்றாவது இருக்க வேண்டாமா? எனக்கு அந்த ஒப்பீடு இருந்தது. வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

மார்ச் மாதம் தங்கை ஸ்டெல்லா போன் செய்தாள்.

"அண்ணா, வீட்ட இடிக்கப் போறாங்க. ஏப்ரல் கடைசில பில்டர் ஆள அனுப்பறாராம். நைனாவோட வருஷப் பூசையும் அப்பத்தான் வருது. வந்து பூசைக்கு நில்லு, கையெழுத்தப் போடு, உன் இரும்ப எடுத்துக்கினு போ."

நைனா எங்கள் அப்பா. வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போன எங்களைப் போன்ற குடும்பங்களில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆஸ்லோவில் படிக்கும் என் மகள் அனிதா, நைனா என்பது தாத்தாவின் பெயர் என்று பதினெட்டு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தாள். தப்பு அவளுடையது இல்லை. நான் வேறு பெயர் எதையும் அவளுக்குச் சொன்னதில்லை.

2

நைனா தங்கச் சுரங்கத்தில் ஃபிட்டர். ஆட்களைக் குழிக்குள் இறக்குவது ஒரு கூண்டு. கூண்டு தொங்குவது ஓர் எஃகுக் கயிற்றில். அந்தக் கயிற்றைக் கையால் தடவி, அறுந்த இழை உண்டா, துரு உண்டா என்று பார்த்து எண்ணெய் போடுவது நைனாவும் அவர் கூட்டாளிகளும் செய்த வேலை. முப்பது வருடத்துக்கு மேல் செய்தார். துருவை அவர் அழுக்கு என்று நினைத்ததில்லை. கொலைகாரன் என்று நினைத்தார். எங்கள் வீட்டில் எந்தக் கதவும் கிறீச்சிட்டதில்லை. தையல் மிஷின், என் சைக்கிள், பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள், சர்ச் கேட்டு, எல்லாவற்றிலும் அவருடைய எண்ணெய் இருக்கும். "வுட்டா எனக்கும் ரெண்டு சொட்டு ஊத்திடுவாரு இந்த ஆளு" என்று அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பெங்களூரில் ஓர் எஃகு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. தங்கவயலிலிருந்து விடியற்கால ரயிலில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புவேன். முதல் சம்பளத்தன்று நைனா கேட்டார்.

"இன்னாடா வேலை அது?"

"இரும்பு எப்படித் துருப்பிடிக்குதுன்னு பாக்கணும் நைனா."

"பாத்துட்டு?"

"எழுதணும்."

"தொடைக்க மாட்டியா?"

"மாட்டேன்."

நைனா அம்மாவைப் பார்த்தார். "படிக்க வெச்சது தப்பாப் பூடுச்சு" என்றார்.

பாசி பிற்பாடுதான் வந்தது. எஃகின் மேல் படிந்த துருவை அமிலத்தில் போட்டு எடுப்போம். அமிலம் துருவோடு சேர்த்து இரும்பையும் தின்றுவிடாமல் இருக்க ஒரு மருந்து கலக்க வேண்டும். நாங்கள் கலந்த மருந்து விஷம். எங்கள் கூடத்தில் ஒருவர் அந்த ஆவியில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றிலிருந்து விஷமில்லாத மருந்து தேட ஆரம்பித்தேன். டீத்தூள், வேப்பிலை, மாதுளைத் தோல் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். மண்டபம் கரையிலிருந்து ஒரு சாக்கு கடற்பாசி வரவழைத்தேன். கூடமே கருவாட்டுக் கடையாக நாறியது, ஆனால் அமிலத்தில் கிடந்த இரும்பு அசையாமல் இருந்தது. அந்த முடிவைப் படித்துவிட்டுத்தான் நார்வேயிலிருந்து கூப்பிட்டார்கள். சுரங்கம் மூடி, நைனா லிங்கராஜபுரத்தில் இந்தச் சின்ன வீட்டைக் கட்டிக் குடி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

"எந்தப் பாசி? ரம்ஜான் மாசம் பிரேசர் டவுன்ல ரோஸ் கலர்ல அல்வா மாதிரி வெட்டி விப்பாங்களே, அதுவா?" என்று நைனா கேட்டார்.

"அதுக்குத் தூரத்துச் சொந்தம் நைனா."

"தின்றத இரும்புல தடவறதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா?"

போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. என் பெட்டியின் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார்.

பத்து வருடத்துக்கு முன் மாடியில் சட்டத்தைப் பொருத்தியபோதும் ஸ்பேனர் பிடித்தது அவர்தான். எழுபதைத் தாண்டியும் போல்ட்டை என்னைவிட நன்றாக முறுக்கினார். கடைசி மூன்று தட்டையும் மாட்டும்போது கை நின்றது.

"இந்த மூணுத்துக்கு ஏன்டா ஒண்ணும் பூசல?"

"அதுங்க சும்மாதான் இருக்கணும் நைனா."

"மத்ததெல்லாம் சட்ட போட்டுக்கினு நிக்கும், இதுங்க மட்டும் மழையில வெறும் உடம்போட நிக்கணுமா?"

"ஆமா."

"பாவம், அதுங்க இன்னா தப்பு பண்ணிச்சு?"

நான் சிரித்தேன். பிறகு கண்டிப்பான குரலில், விஞ்ஞானி பேசுகிற குரலில், விதிகளைச் சொன்னேன். யாரும் தொடக் கூடாது. திருப்பக் கூடாது. பக்கத்தில் துணி காயப்போடக் கூடாது. போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று யாரும் மேலே ஏறி ஆடவும் வேண்டாம், பத்து வருடம் கழித்து நானே வருகிறேன். ஏன் அந்த மூன்று தட்டும் முக்கியம் என்பதை மட்டும் அவருக்குச் சரியாக விளக்கவில்லை. இப்போது இதை எழுதும்போது என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

3

ஞாயிற்றுக்கிழமை இங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அங்கே சாயங்காலம், போன் செய்வேன்.

"தட்டு எப்படி இருக்குது நைனா?"

"நல்லா இருக்குதுடா."

"மழையா?"

"நேத்து பேஞ்சுது."

அவ்வளவுதான். போன் ஸ்டெல்லா கைக்குப் போய்விடும். ஒரு தடவை அவள் பேச்சுவாக்கில், சட்டத்தின் மேல் பெட்ஷீட் காயப்போட்டதாகச் சொல்லிவிட்டாள். நான் கத்திய கத்தலில் என் மனைவி ரீட்டா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் தட்டைப் பற்றித் தானாக ஒன்றும் சொன்னதில்லை.

ஐந்தாம் வருடம் வருவதாக இருந்தேன். உலகமே கதவைச் சாத்திக்கொண்ட நேரம் அது. அப்புறம் ரீட்டாவுக்கு ஆபரேஷன். அப்புறம் இங்கத்திய குடியுரிமை எடுத்தேன், வேலைக்கு அது வசதி என்றார்கள். குடியுரிமை மாறினால் பாஸ்போர்ட் மாறும். பாஸ்போர்ட் மாறினால், பிறந்த நாட்டுக்குள் நுழையவே ஓர் அட்டை வாங்க வேண்டும். அட்டைக்கு விண்ணப்பித்து, என் காகிதங்களெல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்தின் ஏதோ ஒரு மேசையில் கிடந்தபோது, போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை, நைனா இறந்துபோனார்.

இங்கே ஈஸ்டருக்கு ஐந்து நாள் எல்லாம் மூடிவிடுவார்கள். அவசர விசாவுக்கு எந்த எண்ணை அழுத்தினாலும் ஒரு பெண் குரல், அலுவலகம் மூடியிருக்கிறது, இனிய ஈஸ்டர் என்றது. பதிவு செய்த குரல்தான். அதனிடம் போய் என் அப்பா செத்துப்போனார் என்று தமிழில் சொன்னேன். அது மறுபடியும் இனிய ஈஸ்டர் என்றது.

மறுநாள் அடக்கம். ஸ்டெல்லாவின் கணவர் டேவிட் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்களின் கால்கள், ஒரு குடை, சவப்பெட்டியின் ஓரம், மறுபடி கால்கள். மண் போடும் நேரம் வந்தபோது டேவிட் போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். அவரும் மண் போட வேண்டும் இல்லையா. எனக்கு இருட்டும், பெட்டியின் மேல் மண் விழும் சத்தமும்தான் கிடைத்தன.

4

ஏப்ரல் நடுவில் பெங்களூரில் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த டாக்சிக்காரரிடம், பெட்டியை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றியாக, நார்வேக்காரன் மாதிரி "தக்" என்றேன். அவர் பயந்துபோய் "ஏன் சார், எங்கனா இடிச்சிக்கினீங்களா?" என்று கேட்டார்.

பத்து வருடத்தில் தெருவின் பாதி மேலே வளர்ந்துவிட்டிருந்தது. எங்கள் வீடு மட்டும் இரண்டு அடுக்கு மாடிகளுக்கு நடுவில் குனிந்து நின்றது. கேட்டைத் தள்ளினேன். கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தை நான் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் காலையில் முதல் வேலை கையெழுத்து. பத்திர அலுவலகத்தில் மேசைக்காரர் கன்னடத்தில் கேட்டுக்கேட்டு எழுதினார். என் கன்னடம் இருபத்திரண்டு வருடம் பழையது. பெயர், வயது, விலாசம் வரை தள்ளிவிட்டேன். அப்பா பெயர் கேட்டார், சொன்னேன். "இதாரா?" என்றார். இருக்கிறாரா என்று கேட்கிறார்.

"இதாரெ" என்றேன். இருக்கிறார்.

ஸ்டெல்லா என் முழங்கையைத் தொட்டாள். மேசைக்காரர் இறப்புச் சான்றிதழையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அடக்கத்துக்கு வராதவனுக்கு இது ஒரு வியாதி. ஆள் இல்லை என்று மூளைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. அவர் "இல்லா" என்று தானே எழுதிக்கொண்டு, முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

5

அன்று சாயங்காலம் மாடிக்கு ஏறினேன். இருபத்தெட்டுப் படி. சட்டம் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. என் பூச்சுப் பூசிய ஆறும் நன்றாக நின்றிருந்தன. ஓரங்களில் கொஞ்சம் கொப்புளம், அவ்வளவுதான். சாதாரணப் பூச்சு மூன்றும் உரிந்து உரிந்து கிடந்தன. இத்தனை வருடமும் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டே வெறும் தட்டுகளிடம் வந்தேன்.

மூன்றிலும் துரு இருந்தது. ஆனால் அது ஆரஞ்சு நிறத் துரு. விரலால் தொட்டால் மஞ்சள் பொடியாக ஒட்டியது.

பத்து வருடத் துரு அப்படி இருக்காது. அது கறுத்து, சாக்லேட் நிறத்தில், அடுக்கடுக்காகப் படிந்திருக்க வேண்டும். இது சின்னப் பிள்ளைத் துரு. யாரோ தட்டை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஓரத்தில் நான் அரத்தால் போட்ட வெட்டுக்களை எண்ணினேன். என் தட்டுகள்தான்.

கீழே இறங்கி வந்து ஸ்டெல்லாவிடம் சத்தம் போட்டேன். யார் தொட்டது, எவன் சுரண்டினான், பில்டர் ஆட்களா, டேவிட்டா என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? நான் ஒரு வருஷமா மேலயே போவல" என்றாள். அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஸ்டெல்லா எதிர்த்துப் பேசாத நாளை நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

6

என் பழைய ஆராய்ச்சிக்கூடத்தில் நாகராஜ் இன்னும் இருக்கிறார். நான் இருந்த காலத்தில் சேர்ந்த ஆய்வுக்கூட ஊழியர். இப்போது தலையெல்லாம் வெள்ளை. கன்னடக்காரர், ஆனால் தமிழர்கள் நிறைந்த ஜோகுபாளையத்தில் வளர்ந்ததால் தமிழில் என்னையே திட்டுவார்.

வெறும் தட்டு மூன்றில் இரண்டைச் சுத்தம் செய்து எடை போடுவதும், ஒன்றைத் துருவோடு அப்படியே வைத்துக்கொள்வதும் எங்கள் வழக்கம். இரண்டையும் அமிலத்தில் இறக்கினார் நாகராஜ். துரு புகை மாதிரி பிரிந்து போனது. போல்ட் தலை இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் அமிலம் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"சார், இதுல எண்ணெ இருக்குது" என்றார். வெளியே எடுத்து நகத்தால் சுரண்டிக் காட்டினார். போல்ட்டின் அடியில், துணி நுழையாத வளையத்தில், பழைய எண்ணெய் கோந்து மாதிரி இறுகிக் கிடந்தது.

கழுவி, காயவைத்து, தராசில் வைத்தோம். நான் பத்து வருடத்துக்கு முன் எழுதிவைத்த எடையிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தோம். இந்த ஊர்க் காற்றில் வெறும் எஃகு வருடத்துக்கு எவ்வளவு தேயும் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். நாகராஜ் காகிதத்தில் கணக்குப் போட்டார். நிறுத்தினார். மறுபடி போட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இது பத்து வருஷத் தட்டே இல்ல. ஒரு வருஷம். மேல கீழ ஒரு மாசம் வெச்சுக்கலாம். யாரோ உங்கள ஏமாத்திட்டாங்க சார்."

இரண்டாவது தட்டும் அதையே சொன்னது. ஒரு வருஷம்.

போன ஏப்ரலிலிருந்து இந்த ஏப்ரல் வரை. அதற்கு முந்தின ஒன்பது வருடம் இந்த இரும்பின் மேல் ஒரு துளி துருவும் உட்காரவில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நைனா மண்ணுக்குள் போன நாளை எனக்கு ஒரு போன் காட்டியது, ஒரு சான்றிதழ் காட்டியது. இரண்டையும் நான் நம்பவில்லை. தராசு சொன்னபோது நம்பினேன்.

"டீ சொல்லட்டா சார்?" என்றார் நாகராஜ். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு, அமில ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்று தானாகவே ஒரு காரணத்தையும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

7

வீட்டில் ஸ்டெல்லா சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். துருவோடு இருந்த மூன்றாவது தட்டை மேசை மேல் வைத்தேன்.

"நைனாதானே?" என்றேன்.

கையில் வைத்திருந்த சணலைக் கீழே போட்டாள்.

"ஆமா. நைனாதான். வாராவாரம். நீ போன் வெச்சதும் மேல போவாரு. பழைய பனியன் துணி, எண்ணெ டப்பா. முட்டி வலி வந்தப்பறம் உக்காந்து உக்காந்து ஏறுவாரு. நான் வேணாம்னு கத்துவேன். கேட்டாத்தானே?"

"தொடக் கூடாதுன்னு எவ்வளவு தடவை சொன்னேன்!"

"மத்தத ஒரு நாள் தொடலண்ணா. இந்த மூணுத்த மட்டுந்தான். 'அந்த ஒம்போதும் அவன் பூசி வெச்சது, தொட்டாக் கெட்டுப்பூடும். இதுங்களுக்கு அவன் ஒண்ணுமே பண்ணல. இத்தத் தொட்டா அவனுக்கு இன்னா நஷ்டம்?'ன்னுவாரு."

நஷ்டம் என்னவென்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஒன்றும் பூசாதது வேண்டாதது என்று ஒரு ஃபிட்டர் நினைப்பதில் என்ன தப்பு இருக்கிறது? வேண்டிய இரும்பாக இருந்தால் அதை எவனாவது மழையில் விடுவானா?

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ கத்துவே. பெட்ஷீட்டுக்கே அந்தக் கத்து கத்தினே. 'அவங்கிட்ட சொல்லாத ஸ்டெல்லா, பையன் மனசு கஷ்டப்படுவான்'னு என் கையப் புடிச்சிக்கினு சொன்னாரு. நான் இன்னா பண்ணுவேன்?" அவள் சணலை மறுபடி எடுத்துக் கையில் சுற்றினாள். "ஒரு தபா கேட்டேன், எதுக்கு நைனா இந்த வேலைன்னு. 'கயித்துல துருவ வுட்டா கீழ போனவன் மேல வரமாட்டான்'னாரு. இது கயிறு இல்ல நைனா, தட்டுன்னேன். 'எல்லாம் ஒண்ணுதான், அவன் வர்ற வரைக்கும் பாத்துக்கணும்'னாரு."

அவள் அதோடு நிறுத்தவில்லை. ஒரு வருடமாக அடக்கிவைத்திருந்தது போலிருக்கிறது.

"ஞாயித்துக்கிழம, ஞாயித்துக்கிழம போன் பண்ணி தட்டு எப்படி இருக்குதுன்னு கேட்டியே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், முட்டி எப்படி இருக்குது நைனான்னு கேட்டியா? தூங்கினியான்னு கேட்டியா? உன் இரும்புதான் உனக்குப் பெருசு."

இல்லை ஸ்டெல்லா என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை. நைனா என் சைக்கிளைத்தான் விசாரிப்பார், என்னை இல்லை. ஒன்பது வருடமும் தட்டைக் கேட்டது அவர் குரலுக்காக. தட்டு என்று ஒன்று மாடியில் இல்லையென்றால் அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரிந்திருக்காது. இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். "முட்டிக்கு எந்த டாக்டர்கிட்டப் போனாரு?" என்று மட்டும் கேட்டேன். செத்து ஒரு வருடம் ஆனவரின் முட்டியை விசாரித்தேன்.

ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, டாக்டர் பெயர், மாத்திரை, எண்ணெய்க் கட்டு, எந்தப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார் என்பது வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வருஷப் பூசை நடந்தது. கல்லறைக்குப் போய் ஒரு கைப்பிடி மண் போட்டேன். ஒரு வருடம் தாமதம்.

8

திரும்பும்போது விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நைனாவின் பனியனில் சுற்றிய துருப்பிடித்த தட்டைப் பாதுகாப்புக்காரப் பெண் இரண்டு விரலால் தூக்கினாள். என்ன இது என்றாள். இரும்பு என்றேன். எதற்கு என்றாள். அப்பாவுடையது என்றேன். வேறு கேள்வி கேட்காமல் மூடிக் கொடுத்துவிட்டாள்.

இங்கே என் மேலதிகாரி இங்ரிட் நல்ல மனுஷி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, பெங்களூர்த் தட்டுகள் ஒப்பீட்டுக்கு உதவாது, அதற்கான படிவத்தை மட்டும் நிரப்பிவிடு என்றாள். மாதிரிகள் தகுதியிழந்த காரணம் என்று ஒரு பகுதி. தொலைந்தது, திருடுபோனது, சேதமடைந்தது, பிற. பிற என்பதைக் குறித்தேன். விவரம் எழுதும் இடத்தில், என் அப்பா ஒன்பது வருடம் துடைத்துக்கொண்டிருந்தார் என்று நார்வே மொழியில் எழுதினேன். அந்த மொழியில் அது மிகவும் சின்ன வாக்கியமாக இருந்தது. என் பூச்சு நல்ல பூச்சுதான், ஆனால் எவ்வளவு நல்லது என்று இனி என்னால் சொல்ல முடியாது. வேறு யாராவது முதலிலிருந்து பத்து வருடம் வைத்துப் பார்க்கட்டும்.

மூன்றாவது தட்டு இப்போது என் சமையலறை ஜன்னலோரத்தில் இருக்கிறது. அனிதா விடுமுறைக்கு வந்திருந்தாள். எதற்கு இந்தக் குப்பை என்று நார்வே மொழியில் கேட்டாள். சொன்னேன், அரைகுறைத் தமிழும் அரைகுறை நார்வே மொழியுமாக. அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. "நைனாவோட நிஜப் பேரு என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய நேரத்துக்கே போனை எடுத்தேன். ஸ்டெல்லா இப்போது ஜோகுபாளையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். லிங்கராஜபுரத்து வீடு தரைமட்டமாகிவிட்டதாம்.

"எப்படி இருக்கே ஸ்டெல்லா?" என்றேன். சொல்லிப் பழகாததால் ஏதோ பரீட்சையில் கேட்பது மாதிரி வந்தது.

அவள் சிரித்தாள். "நான் நல்லாத்தான் இருக்கேன். தட்டு எப்படிண்ணா இருக்குது?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். இந்த ஊர் ஈரம் சும்மா விடுமா? துரு ஓரங்களில் இன்னும் தடித்திருந்தது.

"துரு கூடியிருக்குதும்மா."

"தொடைக்கலியா?"

"இல்ல."

"ஏன்?"

"அதுல இருக்கறது நைனா இல்லாத ஒரு வருஷம். நான் வராத வருஷம். தொடைச்சா அது போயிடும். இருக்கட்டும், நான் பாக்கணும்னு வெச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் போகும் சத்தம் கேட்டது.

"தொடைச்சிடுண்ணா" என்றாள். "பாவம், அது இன்னா தப்பு பண்ணிச்சு?"

போனை ஜன்னல் மேல் வைத்துவிட்டு எண்ணெய் எடுக்கப் போனேன். அந்தப் பக்கம் அவள் போனை வைக்காமல் இருந்தாள்.